உயரத்தை மட்டும் பார்த்து ஸ்கீ வாங்காதீர்கள்: ஆல்-மவுண்டன் ஸ்கீயின் நீளமும் விறைப்பும்

பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீ விற்கும் கடைக்குப் போய் "ஆல்-மவுண்டன் ஸ்கீ ஒன்று வேண்டும்" என்று சொன்னால், அடுத்து வருகிற கேள்வி உங்கள் உயரம் என்ன என்பதுதான். ஒரு ஜோடியை எடுத்து உங்கள் பக்கத்தில் நிமிர்த்தி வைப்பார்கள். முனை தாடைக்கு வந்தால் கற்றுக்கொள்பவருக்கு, மூக்குக்கும் நெற்றிக்கும் இடையே வந்தால் ஓரளவு பழகியவருக்கு, உச்சந்தலையைத் தொட்டால் நன்றாக ஓட்டுபவருக்கு. காலை ஒன்பது மணிக்கு வாடகைக் கடையில் கூட்டம் வாசல்வரை நிற்கும்போது இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆனால் சொந்தக் காசில் வாங்கிப் பல வருஷம் வைத்துக்கொள்ளப்போகிற ஒன்றை இந்த ஒரு கணக்கோடு முடிவு செய்வது சரியில்லை. உயரம் வெறும் உத்தேசக் கணக்கு. ஸ்கீயை உண்மையில் வளைப்பது உங்கள் எடையும் நீங்கள் போகிற வேகமும்.

முதலில், ஆல்-மவுண்டன் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மலையில் எல்லா இடத்துக்கும் ஒரே ஜோடி போதும் என்ற எண்ணத்தில் செய்யப்படும் வகை இது. காலையில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய சரிவில் ஓட்டலாம், மதியத்துக்குள் அது மேடும் பள்ளமுமாக ஆனபிறகும் ஓட்டலாம், சரிவின் ஓரத்தில் யாரும் மிதிக்காமல் கிடக்கும் புதுப்பனியிலும் இறங்கலாம். பாதத்துக்குக் கீழே, ஸ்கீயின் இடுப்பு என்று சொல்லும் இடத்தில், அகலம் ஏறக்குறைய 80 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். சமப்படுத்திய சரிவுக்கு மட்டுமான ஸ்கீ இதைவிட ஒல்லி. ஆழமான பனிக்கானது 105 மி.மீ.-ஐத் தாண்டிப் போகும். எல்லா இடத்துக்கும் ஆகும்படி செய்வதால் எதிலும் உச்சம் கிடையாது, எல்லாவற்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பார்கள். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் மாடலுக்கு மாடல் வித்தியாசம்.

நீளம் உயரத்தைப் பொறுத்தது என்ற நம்பிக்கையை உடைக்க உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றைப் பார்த்தால் போதும். நார்வேயின் ஹென்ரிக் கிறிஸ்டோஃபர்சன், கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், கம்பங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் உலகச் சாம்பியன் ஆனவர். ஆண்கள் ஸ்லாலத்தில் ஸ்கீ குறைந்தது 165 செ.மீ. இருக்கவேண்டும் என்பது விதி. ஆறடிக்காரர்கள் உட்பட அநேகமாக எல்லோரும் அந்தக் குறைந்தபட்ச அளவையே எடுக்கிறார்கள். ஜயன்ட் ஸ்லாலத்தில் அதே குறைந்தபட்சம் 193 செ.மீ. மணிக்கு 100 கிலோமீட்டரை அனாயாசமாகத் தாண்டும் டவுன்ஹில்லில் 218 செ.மீ. ஸ்லாலத்திலும் ஜயன்ட் ஸ்லாலத்திலும் ஆள் அதே ஆள்தான், உயரமும் மாறவில்லை. மாறுவது வேகமும், கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு நெருக்கமாகத் திரும்பவேண்டும் என்பதும். குட்டை ஸ்கீ சட்டென்று திரும்பும். நீள ஸ்கீ வேகத்தில் அலையாமல் நிற்கும். அடிப்படை பேரம் இவ்வளவுதான்.

ஒரு காலத்தில் பேரத்துக்கே இடம் இருக்கவில்லை. கையை மேலே தூக்கினால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான் ஸ்கீயின் நீளம். 1980-களில் சாதாரண ஆண்கள்கூட 200 செ.மீ. ஸ்கீயைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தார்கள், குட்டையாக எடுப்பது கௌரவக் குறைச்சல். 1960-களிலேயே அமெரிக்காவில் கிளிஃப் டெய்லர் என்ற பயிற்சியாளர், கற்றுக்கொள்பவர்களை மிகக் குட்டையான ஸ்கீயில் தொடங்க வைத்து, பழகப் பழக நீளத்தைக் கூட்டும் முறையைக் கொண்டுவந்தார். அவர் முறை சில காலம் நன்றாகவே ஓடியது. ஆனால் எல்லோருக்கும் நீளத்தைக் குறைத்தது 1993-இல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.சி.எக்ஸ். என்ற ஸ்கீ. முனையும் வாலும் நன்றாக அகன்று, இடுப்பு ஒடுங்கிய வடிவம். அதைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் மாறின. சில வருஷங்களிலேயே நீளம் 20, 30 செ.மீ. குறைந்துபோனது. உங்கள் மாமனார் வீட்டுப் பரணில் ஒரு 205 கிடந்தால், அதை வைத்து உங்கள் அளவைக் கணக்குப் போடாதீர்கள்.

இனிக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டிய இடம். இது புரிந்துவிட்டால் கடையில் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தானே தெரியும்.

ஸ்கீயைத் தரையில் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். முனையும் வாலும் அகலம், இடுப்பு ஒடுக்கம். ஆகவே முனையின் விளிம்பும் வாலின் விளிம்பும் மட்டும் தரையைத் தொடும், நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். பனியில் நீங்கள் சாய்க்கும்போதும் இதுதான் நடக்கிறது. உங்கள் எடை நடுவில் இறங்கி அந்த இடைவெளியை மூடும்போது ஸ்கீ முழுவதும் வில்லாக வளைகிறது. வளைந்த விளிம்பு பனியில் ஒரு வளைவுக் கோட்டைக் கீறி அதன் வழியே ஓடுகிறது. திருப்பம் என்பது இதுதான். காலைத் திருகி வாலைத் தள்ளிவிட்டுத் திரும்புவதும் உண்டு, எல்லோரும் செய்கிறோம், ஆனால் ஸ்கீயின் வடிவம் முழுதாகப் பயன்படுவது முதல் முறையில்.

ஸ்கீயின் மேல் 16 மீ., 18 மீ. என்று ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். பக்கவாட்டு வளைவு ஒரு முழு வட்டமாக நீண்டால் அதன் ஆரம் எவ்வளவு என்பதுதான் அது. அதற்காக 16 மீட்டர் என்றால் 16 மீட்டரில்தான் திரும்பும் என்று நினைத்துவிட வேண்டாம். கெட்டியான பனியில் ஸ்கீயை 45 பாகை சாய்த்து முழுதாக வளைத்தால் அதே ஸ்கீ ஏறக்குறைய 11 மீட்டர் ஆரத்தில் திரும்பும். 60 பாகை சாய்த்தால் 8 மீட்டர். சாய்க்கச் சாய்க்க மூடவேண்டிய இடைவெளி பெரிதாகும், ஸ்கீயும் அதிகமாக வளையும்.

இடைவெளியை மூடும் அளவுக்கு உங்களிடம் விசை இருந்தால்தான் இது நடக்கும். விசை இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று உடல் எடை. மற்றது வேகம். வேகமாகத் திரும்பும்போது உடலை வெளியே தள்ளும் விசையும் சேர்ந்துகொள்வதால், கால் வழியே இறங்குவது எடையைவிட அதிகமாகிறது. பந்தய வீரர்களுக்கு அது எடையின் இரண்டு மடங்கைத் தாண்டும். அதனால்தான் விறைப்பான ஸ்கீ அவர்கள் காலடியில் பணிந்துபோகிறது. அதே ஸ்கீயை 58 கிலோ எடையுள்ள, நிதானமாக ஓட்டுகிற ஒருவர் மாட்டினால் நடு இடைவெளி மூடவே மூடாது. முனையும் வாலும் மட்டும் பனியைத் தொட்டுக்கொண்டு ஸ்கீ நேராகப் போகப் பார்க்கும். அவர் பயந்து வாலைத் தள்ளுவார், தொடை எரியும், "எனக்கு இன்னும் திறமை போதவில்லை" என்று நினைத்துக்கொள்வார். அந்தக் குறையில் பாதி ஸ்கீயுடையது.

175 செ.மீ. உயரமுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 60 கிலோ, இன்னொருவர் 92 கிலோ. கடைப் பட்டியல் உயரத்தை மட்டும் பார்த்தால் இருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும். 92 கிலோக்காரர் அந்த ஸ்கீயைச் சுலபமாக வளைத்துவிடுவார், கொஞ்சம் வேகம் பிடித்ததும் முனை படபடக்கும், மென்பனியில் மூழ்கும். 60 கிலோக்காரருக்கு அதே ஸ்கீ மரக்கட்டையாக இருக்கும். நல்ல கடைக்காரர் எடையைக் கேட்டுவிட்டுத்தான் உயரத்துக்கு வருவார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. குளிர்கால உடை, பூட்ஸ், முதுகுப்பை எல்லாம் அதோடு சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான ஆல்-மவுண்டன் ஸ்கீக்கு நடுவில் மரக்கட்டை இருக்கும். பாப்லர், பீச், ஆஷ் போன்ற மரங்கள், எடை குறைக்கவேண்டிய இடத்தில் பவுலோனியா. அதன் மேலும் கீழும் கண்ணாடியிழை அடுக்கு. சில மாடல்களில் அதோடு டைட்டானல் என்ற அலுமினியக் கலவைத் தகடு. கட்டையின் தடிமன்தான் விறைப்பை அதிகம் தீர்மானிக்கிறது. தடிமன் பத்துச் சதவீதம் கூடினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியோடு ஏறுகிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம் காலில் தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

டைட்டானல் தகட்டின் வேலை விறைப்பு மட்டும் இல்லை, அதிர்வை அடக்குவதும்தான். கெட்டிப்பனியில் வேகமாகப் போகும்போது ஸ்கீ நடுங்காமல் இருப்பதற்கு அது பெரிய காரணம். நோர்டிகாவின் என்ஃபோர்சர் வரிசையில் முழுநீளத் தகடு இரண்டு. ஃபோல்க்கிளின் மான்ட்ராவில் முழுத் தகட்டுக்குப் பதிலாக விளிம்புகளை ஒட்டி ஒரு சட்டம் மாதிரி அமைத்து நடுப்பகுதியை விட்டுவிட்டார்கள். பிடிமானம் இருக்கும், அதே சமயம் கொஞ்சம் சுலபமாக வளையும். கார்பன் சேர்த்த ஸ்கீ எடை குறைவாகவும் துள்ளலாகவும் இருக்கும், ஆனால் உலோகம் அடக்குகிற அளவுக்கு அதிர்வை அடக்காது. மலையேறிப் போய் இறங்குபவர்களுக்கு எடை முக்கியம். லிஃப்டில் ஏறுகிற நமக்கு ஒரு கிலோ கூடக்குறைய இருந்தால் என்ன?

விறைப்பில் இரண்டு வகை உண்டு, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று நீளவாக்கில் வளைவதற்கு எதிரான விறைப்பு, இதுவரை பேசியது அதுதான். மற்றது முறுக்குவதற்கு எதிரான விறைப்பு. விளிம்பைச் சாய்க்கும்போது முனைப்பகுதி முறுக்கிக்கொண்டு தட்டையாகிவிட்டால் கெட்டிப்பனியில் பிடி நழுவும். புதியவர்களுக்கு எது நல்லது என்று கேட்டால், வளைவதில் மென்மை, முறுக்குவதில் ஓரளவு உறுதி என்பேன். விலை மலிவான சில ஸ்கீகள் இரண்டிலும் தொளதொளவென்று இருக்கும். முதல் வருஷம் தெரியாது. இரண்டாம் வருஷம் ஒரு ஜனவரிக் காலையில் உறைந்த சரிவில் தெரிந்துவிடும்.

வாலின் விறைப்பையும் தனியாகப் பாருங்கள். விறைப்பான வால் திருப்பத்தின் கடைசிவரை பிடித்துக்கொண்டு அடுத்த திருப்பத்துக்குத் தள்ளிவிடும், தெரிந்தவர்களுக்கு அது பெரிய சந்தோஷம். பயத்தில் பின்னால் சாய்ந்து உட்காருகிற பழக்கம் இருந்தால் அதே வால் உங்களை இழுத்துக்கொண்டு ஓடிவிடும், நிறுத்த முடியாது. கற்றுக்கொள்ளும் எல்லோரும் பின்னால் சாய்கிறவர்கள்தான். எனவே மென்மையான வால் இருந்தால் நல்லது.

இதையெல்லாம் எண்ணாகப் போட்டு அட்டையில் அச்சிட்டிருந்தால் வசதியாக இருக்கும். ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விறைப்பு எண் என்று ஒன்று கிடையாது. "எக்ஸ்பர்ட்", "அட்வான்ஸ்டு" என்று எழுதியிருப்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் பெரிய பயன் இல்லை. கையால் பார்ப்பதுதான் வழி. வாலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் முனையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நடுவில் அழுத்துங்கள். எந்த இடத்தில் முதலில் வளைகிறது என்று பாருங்கள். முனை மட்டும் மடங்கி நடு அசையவில்லையா, முழுதும் ஒரே சீராக வளைகிறதா? பிறகு முனையை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஒரு ஸ்கீயை மட்டும் அழுத்தினால் ஒன்றும் விளங்காது. பக்கத்தில் உள்ள நான்கைந்து மாடல்களை வரிசையாக அழுத்தினால் ஐந்து நிமிஷத்தில் கைக்கு வித்தியாசம் பிடிபட்டுவிடும். கடைக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அவர்களே இதைத்தான் செய்கிறார்கள்.

அப்படியே இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். ஜோடி ஸ்கீயின் அடிப்பாகங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் ஒரு மெல்லிய சந்து வழியே வெளிச்சம் வரும், அது கேம்பர். கையால் அழுத்தி அந்தச் சந்தை மூடினால் முனைப்பக்கம் இரண்டு ஸ்கீயும் எந்த இடத்தில் பிரியத் தொடங்குகின்றன என்று தெரியும், அங்கிருந்து ராக்கர் ஆரம்பம். சில மாடலில் முனைக்குக் கொஞ்சம் முன்னால் பிரியும். சிலவற்றில் கால் மீட்டருக்கும் மேலாக உள்ளே வந்து பிரியும், வாலிலும் பிரியும். பிரிந்து நிற்கிற அந்தப் பகுதி, ஸ்கீ தட்டையாக ஓடும்போது கெட்டிப்பனியைத் தொடுவதில்லை. ஆகவே அட்டையில் 177 என்று போட்டிருந்தாலும் சமப்படுத்திய சரிவில் அது குட்டை ஸ்கீ மாதிரி நடந்துகொள்ளும். மென்பனியில் இறங்கினால் முழு நீளமும் மிதக்க உதவும். 2002-இல் ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கி வடிவமைத்த, வோலன்ட் நிறுவனத்தின் ஸ்பாட்டுலா முழுதுமே இப்படித் தலைகீழாக வளைந்த ஸ்கீ. பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆழ்பனிக்காக அவர் செய்த அந்த யோசனையின் ஒரு துண்டு இன்று பெரும்பாலான ஆல்-மவுண்டன் ஸ்கீயின் முனையில் இருக்கிறது. ராக்கர் அதிகமாக இருந்தால் வழக்கமான கணக்கைவிட 5 செ.மீ. அளவுக்கு நீளமாக எடுக்கலாம் என்று கடைகளில் சொல்வது இதனால்தான்.

நீளமும் விறைப்பும் தனித்தனி முடிவு என்று நினைக்கவேண்டாம். ஒரே மாடல் 170, 177, 184 என்று வரும்போது நீள அளவுக்குக் கனமான ஆள் வருவார் என்று கருதிப் பெரும்பாலும் கட்டையையும் தடிமனாக்குகிறார்கள், ஆரமும் கூடுகிறது. 170-இலிருந்து 177-க்குப் போனால் ஏழு செ.மீ. மட்டும் கூடுவதில்லை, ஸ்கீயின் குணமே கொஞ்சம் மாறுகிறது. இரண்டு அளவுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மாடலின் விறைப்பைப் பாருங்கள். தகடு வைத்த விறைப்பான மாடல் என்றால் குட்டையான அளவு. மென்மையான, ராக்கர் அதிகமான மாடல் என்றால் நீளமான அளவு.

அப்புறம், எந்த மலையில் ஓட்டப்போகிறீர்கள்? அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கம் பனி அடிக்கடி உருகி மறுபடி உறையும். அங்கே 80-இலிருந்து 90 மி.மீ. இடுப்பும் முறுக்காத உறுதியும் வேண்டும், நீளம் இரண்டாம்பட்சம். யூட்டாவின் உலர்ந்த பனியிலும் ஜப்பானின் ஹொக்கைடோவிலும் ஒரு அளவு நீளமாக, மென்மையான முனையோடு எடுத்தால் சுகம். காஷ்மீரின் குல்மார்க்கில் கொண்டோலா என்ற கம்பிவட வண்டி ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து கீழே வருவது இயந்திரம் படாத பனியில். அது கற்றுக்கொள்ளும் இடம் இல்லை, போகிறவர்களுக்குக் குட்டை ஸ்கீ ஒத்துவராது. ஆல்ப்ஸில் நீல (எளிது), சிவப்புக் (நடுத்தரம்) குறியிட்ட சரிவுகளிலேயே நாள் முழுவதும் ஓடுபவருக்கு 95 மி.மீ. அகலம் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. விளிம்பிலிருந்து விளிம்புக்கு மாறவே நேரம் பிடிக்கும்.

எண்ணாகச் சொல்லுங்கள் என்பவர்களுக்கு: 160 செ.மீ. உயரம், 55 கிலோ, மூன்றாவது பருவம், சிவப்புச் சரிவில் நிதானமாக இறங்குபவர் என்றால் 152 முதல் 158 செ.மீ., இடுப்பு 80 மி.மீ. சுமார், முழு உலோகத் தகடு இல்லாதது. அவருடன் வருபவர் 172 செ.மீ., 88 கிலோ, அதே அளவு பழக்கம் என்றால் 170-ஐ ஒட்டி எடுக்கலாம், நடுத்தர விறைப்பு, பாதத்துக்குக் கீழே மட்டும் கொஞ்சம் உலோகம். இதே மனிதர் 62 கிலோவாக இருந்தால் 165 போதும், உலோகமே வேண்டாம். பெண்களுக்கென்று வரும் மாடல்கள் பெரும்பாலும் எடை குறைந்தவை, மென்மையானவை. எடை குறைந்த ஆண்களும் அவற்றை மாட்டிப் பார்க்கலாம், நிறத்தைப் பார்த்து ஒதுங்கவேண்டாம்.

உங்கள் திறமையை நீங்களே எடைபோடுவதில்தான் பெரிய சிக்கல். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங் எந்த விசையில் கழன்று விடவேண்டும் என்பதைக் கணக்கிடும்போது கடையில் உங்களை மூன்று வகையில் ஒன்றாகக் குறித்துக்கொள்வார்கள்: நிதானமானவர், நடுத்தரம், வேகமாகவும் முரட்டுத்தனமாகவும் ஓட்டுபவர். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது, கால் உடையும் பயத்தில், எல்லோரும் உண்மையைச் சொல்கிறார்கள். ஸ்கீ எடுக்கும்போதும் அந்த வகையையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்காரருக்கு விறைப்பான ஸ்கீ பணவிரயம்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் உள்ள நம் வீடுகளில், பள்ளிச் சீருடை எடுப்பதுபோல "அடுத்த வருஷம் வளர்ந்துவிடுவான்" என்று ஒரு அளவு பெரிதாக எடுத்துவிடுகிறார்கள். நீளமான ஸ்கீயை வளைக்க முடியாத பிள்ளை வாலைத் தள்ளியே ஓட்டப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பிறகு கஷ்டம். பருவம் முழுமைக்கும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் அங்கே உண்டு. தாடை அளவில் எடுத்து, அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் முடிந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரே மாடலை இரண்டு நீளத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரே சரிவில், ஒரே வேகத்தில். இறங்கி முடித்ததும் லிஃப்டில் ஏறும்போது உங்கள் தடத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டு மெல்லிய கோடுகள் சுத்தமாகத் தெரிந்தால் ஸ்கீ வளைந்திருக்கிறது. அகலமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால், சாய்வு போதவில்லை, அல்லது ஸ்கீ உங்களுக்கு விறைப்பு. நிதானமான வேகத்தில் சரியாக இருந்து, வேகம் கூடியதும் முனை துடித்தால் மென்மை அல்லது குட்டை. மேடுபள்ளத்தில் வால் எங்காவது இடித்துக்கொண்டே இருந்தால் நீளம் அதிகம். மதியம் கால் களைத்தபிறகும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், காலையில் நன்றாக இருந்த பல ஸ்கீகள் அந்த நேரத்தில்தான் சுயரூபத்தைக் காட்டும்.

வாடகை ஸ்கீயின் பைண்டிங் பெரும்பாலும் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய தண்டவாளத்தில் இருக்கும், கொஞ்சம் கனமும் கூட. அதனால் புதிதாக வாங்கும் ஜோடி இம்மியளவு இலகுவாகவே தோன்றும். பைண்டிங் பொருத்தத் துளை போட்டுவிட்டால் கடையில் அநேகமாகத் திரும்ப எடுக்கமாட்டார்கள். நீளத்தில் சந்தேகம் இருந்தால் துளை போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கூடவே நீங்கள் போடப்போகிற பூட்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள், துளையின் இடம் பூட்ஸின் அடிநீளத்தைப் பொறுத்தது.